வனத்துறை பார்த்துக்கொள்ளுமாம்

ஆபத்தான காட்டு விலங்குகளை வீட்டிலோ பண்ணையிலோ வளர்ப்பவர்கள் மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று திண்டுக்கல்லில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். விவரம் தெரிந்தவர் என்றால், "அது வனத்துறை சமாச்சாரம். 1972-லேயே சட்டம் போட்டாச்சு. கார்ப்பரேஷனுக்கு அதுல என்ன வேலை?" என்பார். பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவர் இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார்: "தெருநாயவே ஒண்ணும் பண்ண முடியல. இதுல பாம்புக்கும் முதலைக்கும் லைசென்ஸா?" இந்தப் பேச்சை ஊரே ஒப்புக்கொண்டுவிட்டது போலத் தெரிகிறது. நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

முதலில் அந்த 1972 சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரே அது யாரைக் காக்க வந்தது என்று சொல்லிவிடுகிறது. மனிதனிடமிருந்து விலங்கைக் காக்க வந்த சட்டம் அது. அந்த வேலையை ஓரளவு நன்றாகவே செய்திருக்கிறது. நல்ல பாம்பு, முதலை, சிறுத்தை என்று நம் நாட்டு விலங்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது என்கிறது. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. உரிமைச் சான்று கொடுக்கும் இடத்தில், விலங்கை வைத்துக்கொள்ளப் போதுமான இடவசதி இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வியும் விலங்கின் நலனுக்காகக் கேட்கப்படுவதுதான். பக்கத்து வீட்டுக்கும் அந்தக் கொட்டகைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, சுவர் எவ்வளவு உயரம், எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கவலைகள் அல்ல.

வெளிநாட்டு விலங்குகள் விஷயத்தில் அந்தச் சட்டம் ஐம்பது ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. 2020 ஜூனில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம், ஆறு மாதத்துக்குள் சொன்னால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அதற்கான பதிவு விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. பரிவேஷ் என்ற இணையவாசலில் பதிவு செய்ய வேண்டும். விவரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். அவர் அலுவலகம் சென்னையில். அங்கே பதிவான தகவலை திண்டுக்கல் மாநகராட்சிக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ அனுப்ப வேண்டும் என்று அந்த விதிகளில் ஏற்பாடு எதுவும் இல்லை. நள்ளிரவில் ஒரு வீடு தீப்பிடித்தால் உள்ளே ஓடப்போகிறவர் தீயணைப்பு வீரர். பின்கட்டில் அனகோண்டா இருப்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்தப் பதிவு எந்தப் பட்டியலை வைத்து நடக்கிறது? சைட்டிஸ் எனப்படும் சர்வதேச ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியல்களை வைத்து. வியாபாரத்தால் எந்த உயிரினம் அழிந்துபோகும் என்ற கணக்கில் போடப்பட்ட பட்டியல் அது. எது ஆளைக் கொல்லும் என்ற கணக்கு அதில் இல்லை. அதனால் பஞ்சவர்ணக் கிளி பட்டியலில் இருக்கிறது; ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா இல்லை. விரலைக் கடித்தால் பிளாஸ்திரி போதும் என்கிற பறவைக்குப் பதிவு எண். கடித்தால் நம்மிடம் மருந்தே இல்லாத பாம்புக்கு ஒன்றும் இல்லை. மருந்தே இல்லை என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராவது. அந்த விஷத்தில் பெரும்பங்கு மகாபலிபுரம் பக்கத்தில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மாம்பா விஷத்தை முறிக்க அதனால் ஆகாது. அப்படியொரு பாம்பை வைத்திருப்பவர் அதற்கான முறிமருந்தையும் வைத்திருக்க வேண்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று எந்த வனச் சட்டமும் கட்டளையிடவில்லை. அப்படிக் கட்டளையிடுவது வனத்துறையின் வேலையும் இல்லை. இது பொதுச் சுகாதாரம், பொதுப் பாதுகாப்பு. ஊர் நிர்வாகம் என்று ஒன்று எதற்காக இருக்கிறதோ அந்த வேலை.

"உள்ளாட்சிக்கு ஏது அதிகாரம்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்ட வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் 1866-இல் நகராட்சியானது; 2014-இல் மாநகராட்சி. இந்தக் காலத்தில் பெரும்பகுதி நம்மை ஆண்டது 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். அனுமதி இல்லாமல் ஊருக்குள் பன்றி வளர்க்கக் கூடாது என்று சொல்லும் அதே இடத்தில், தொல்லையாகவோ ஆபத்தாகவோ அமையும்படி எந்த விலங்கையும் தன் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது என்றும் அது சொன்னது. பன்றி பற்றிய பாதியைச் சுகாதார ஆய்வாளர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆபத்து பற்றிய பாதியை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பன்றி வளர்ப்பவர் ஏழை, புகார் சொல்பவர் வசதியானவர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்று அயல்நாட்டு விலங்கு வளர்ப்பவர் யார் என்று பார்த்தால் அந்த வரிசை தலைகீழாகிறது. ஆக, அதிகாரம் இல்லை என்ற வாதம் 1920-லேயே செத்துப்போனது.

திண்டுக்கல்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய உதாரணம் ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. 2011 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. காட்சிப்படுத்தவோ வித்தை பழக்கவோ கூடாத விலங்குகள் என்று கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இருந்த பட்டியலில் காளையையும் சேர்த்தது. புலியும் நம் தொழுவத்துக் காளையும் ஒரே வரிசையில். அதை முக்கிய ஆதாரமாகக் கொண்டுதான் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. இந்தக் கதையில் பலரும் பண்பாட்டு வெற்றியை மட்டும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அதன் நிர்வாகப் பக்கத்தை. தில்லியில் எழுதிய ஒரு வரிப் பட்டியல் காளைக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறியது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்ன? விழா நடத்த ஆட்சியரிடம் விண்ணப்பம், களத்தை நேரில் பார்த்துத் தரும் அனுமதி, காளைக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனை, பிடிப்பவருக்கு உடல் தகுதிப் பரிசோதனை, பார்வையாளர்களைப் பிரிக்கும் தடுப்பு வேலி, தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ். கொசவபட்டியிலும் புகையிலைப்பட்டியிலும் வாடிவாசல் திறப்பதற்கு முன் எத்தனை கண்கள் அந்தத் தடுப்புக் கட்டைகளைத் தட்டிப் பார்க்கின்றன என்று போய்ப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் ஓடும் காளைக்கு இவ்வளவு. ஆண்டு முழுக்கக் கூண்டுக்குள் கிடக்கும் அயல்நாட்டு முதலைக்கு இணையத்தில் ஒரு படிவம். ஆட்சியர் உள்ளாட்சி அமைப்பு அல்லவே என்று ஒருவர் குறுக்கிடக்கூடும். சரிதான், அவர் மாநில அரசின் ஆள். ஆனால் களத்தில் நிற்பவர்கள் உள்ளூர் வருவாய்த் துறை, உள்ளூர் கால்நடை மருத்துவர், உள்ளூர் ஊராட்சி. ஆபத்தான விலங்கைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன்தான் ஒழுங்குபடுத்த முடியும் என்பதை இந்த மாவட்டம் ஒவ்வொரு தை மாதமும் செய்து காட்டுகிறது. அதே புத்தியை ஊருக்குள் இருக்கும் கூண்டுகளுக்கும் காட்டுங்கள் என்பதுதான் கேட்பது.

"இங்கே யார் முதலை வளர்க்கிறார்கள்? இல்லாத நோய்க்கு மருந்தா?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தாங்கள் என் கட்சிக்கு வாதாடுவதைக் கவனிப்பதில்லை. யார் எதை வளர்க்கிறார் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது என்பதே என் புகார். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் பாம்பும் பல்லியும் குட்டிக் குரங்கும் வருவது சுங்கத்துறையினருக்கு வாடிக்கையாகிவிட்டது. விமான நிலையத்தில் வைத்து வளர்ப்பதற்காக யாரும் அவற்றைக் கொண்டுவரவில்லை. பிடிபடாதவை ஏதோ ஓர் ஊரின் ஏதோ ஒரு கதவு எண்ணுக்குத்தான் போகின்றன.

விலங்கு எங்கே எவ்வளவு இருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு நாடு 2012-இல் பார்த்தது. பெருந்துறையில் ஈமு கோழி நிறுவனம் சரிந்தபோது, முதலாளி தலைமறைவானார், முதலீட்டாளர்கள் காவல் நிலையத்தில் வரிசை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் தீவனம் இல்லாமல் கொட்டகைகளில் நின்றன. கடைசியில் மாவட்ட நிர்வாகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும்தான் தீவனம் போட வேண்டியதாயிற்று. ஈமு ஆபத்தான விலங்கு என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனே பின்னாளில் அதைத் தன் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் ஆஸ்திரேலியப் பறவை ஒன்று நம் தோட்டங்களில் பெருகும்வரை எந்த உள்ளாட்சியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கைவிடப்பட்ட பிறகு கணக்கெடுக்க ஓடினார்கள். அங்கே பட்டினி கிடந்தது பறவை. இதுவே பசித்த மிருகமாக இருந்திருந்தால் அது கொட்டகையிலேயே நின்றிருக்காது.

டீக்கடைப் பதிலுக்கு வருகிறேன். தெருநாயைக் கட்டுப்படுத்த முடியாத மாநகராட்சி இதை மட்டும் கிழித்துவிடுமா? கேலி நியாயமானதுதான். ஆனால் ஒப்பீடு தவறு. தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, முகவரி இல்லை. பிடித்தாலும் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று மத்திய அரசின் 2023 விதிகள் மாநகராட்சியின் கையைக் கட்டியிருக்கின்றன. கூண்டில் இருக்கும் விலங்குக்கு உரிமையாளர் உண்டு, கதவு எண் உண்டு, சொத்து வரி எண் உண்டு, மின் இணைப்பு உண்டு. அந்த வீட்டில் எத்தனை குழாய் இணைப்பு என்பது வரை நோட்டுப் போட்டு வைத்திருக்கும் அலுவலகம் அது. முகவரி உள்ள விஷயத்தில் மாநகராட்சி சோம்பலாக இருக்கலாம், கையாலாகாததாக இல்லை. வரி பாக்கி வைத்துப் பாருங்கள், தெரியும்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. விசாரித்தால் அந்த நாய்களுக்கு உரிமமே வாங்கவில்லை. உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி மட்டும் இருந்தது. "பார்த்தீர்களா, விதி இருந்தும் பயனில்லை" என்று இதை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். சம்பவத்துக்கு முன் யாராவது கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள். அங்கே குற்றம் சாட்டப்பட வேண்டியது உரிமம் என்ற ஏற்பாடு அல்ல, அதைத் தூங்கவிட்டவர்கள்.

இதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை எதிர்த்தரப்பு ஏனோ சொல்வதே இல்லை. மாநகராட்சிகள் விலங்குகளை வைத்துக் காப்பாற்றிய லட்சணம் நமக்குத் தெரியும். கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்கா விலங்குக் காட்சிசாலையை நடத்தியது மாநகராட்சி. இடம் போதாது, தரம் இல்லை என்று மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையம் 2022 ஜனவரியில் அங்கீகாரத்தை ரத்து செய்தது. சென்னையிலும் மாநகராட்சிதான் மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த பழைய விலங்குக் காட்சிசாலையைப் பல தலைமுறைக்கு நடத்தியது. 1985-இல் வண்டலூர் திறந்த பிறகுதான் அந்த விலங்குகளுக்கு விடிவு. இது உள்ளாட்சிக்கு எதிரான சாட்சியா? என் கண்ணுக்கு இல்லை. வளர்ப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவரே ஆனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சாட்சி. வெளியிலிருந்து ஒருவர் வந்து அளந்து பார்த்தபோதுதான் கோவையில் உண்மை வெளியே வந்தது. தனியார் கூண்டைப் பொறுத்தவரை அந்த வெளியாளாக மாநகராட்சி இருக்கட்டும். விலங்கை அது வளர்க்க வேண்டாம்.

அடுத்து, தடைப் பிரியர்கள். "உரிமம், படிவம், ஆய்வு எல்லாம் எதற்கு? மொத்தமாகத் தடை செய்" என்பவர்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களுக்கு உரிமம் தரக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு நிற்காது என்று. சட்டத்தில் நின்றிருந்தாலும் தெருவில் நின்றிருக்காது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் விலங்கைத் தடை ஒளித்துவைக்கச் சொல்கிறது. ஒளித்துவைத்த விலங்குக்குக் கால்நடை மருத்துவர் வரமாட்டார். அது தப்பித்தால் உரிமையாளர் போன் செய்யமாட்டார்.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பவர், "எங்க வீட்டில குழந்தை மாதிரி பழகிடுச்சு" என்பவர். 2024 நவம்பரில் திருச்செந்தூர் கோயில் யானை, தன்னைப் பராமரித்த பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. எத்தனை ஆயிரம் பக்தர்களை ஆசீர்வதித்த தும்பிக்கை அது. 1957-இல் இங்கிலாந்தில் பெர்ட்ராம் மில்ஸ் சர்க்கஸ் யானை பற்றிய வழக்கில், அந்தப் பர்மா யானை பசுவைப் போலச் சாது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஒரு சிறு நாய் குரைத்ததில் மிரண்டு ஓடி ஆட்களைக் காயப்படுத்திவிட்டது. யானை என்ற இனமே சட்டத்தின் பார்வையில் ஆபத்தானது, தனி யானையின் குணத்தைக் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லி நஷ்ட ஈடு கொடுக்க வைத்தார்கள். அந்த அளவுகோல்தான் நமக்கு வேண்டும். இனத்தைப் பார்த்துப் பட்டியல் போடு. பட்டியலில் இருந்தால் வேலியைக் காட்டச் சொல்.

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையில் சிங்கக்குட்டியைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போக முடிந்தது. 1976-இல் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம் வந்தது. உரிமம் தருவது உள்ளூர் மன்றம். கால்நடை மருத்துவர் இடத்தைப் பார்க்க வேண்டும், விலங்கு தப்பிக்க முடியாத அடைப்பு வேண்டும், மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்குக் காப்பீடு வேண்டும். காப்பீடு என்பது எனக்குப் பிடித்த பகுதி. அதிகாரியை ஏமாற்றலாம், காப்பீட்டு நிறுவனத்தை ஏமாற்றுவது கடினம், பணம் அவர்களுடையது. நம்மிடம் இருப்பது பாரதிய நியாய சம்ஹிதாவின் 291-ஆவது பிரிவு: விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரும்பாலும் கடிபட்ட பிறகு படிக்க வேண்டிய பிரிவு.

உள்ளூர்ச் சட்டமே இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம். 2011 அக்டோபர் 18 மாலை, ஜேன்ஸ்வில் அருகே ஒருவர் தன் பண்ணையில் இருந்த சிங்கம், புலி, கரடிக் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். இருட்டிக்கொண்டு வந்தது, மயக்க ஊசி போட நேரமில்லை. உள்ளூர் ஷெரிஃபின் ஆட்கள் ஏறத்தாழ ஐம்பது விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவற்றில் 18 வங்கப் புலிகள். அந்தப் பண்ணையைப் பற்றி அக்கம்பக்கத்தார் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கூண்டைப் பூட்டச் சொல்ல ஷெரிஃபுக்குச் சட்டம் இல்லை. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. அங்கும் விலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கத் தலைநகரில் சட்டங்கள் இருக்கத்தான் செய்தன. அன்று மாலை துப்பாக்கியைத் தூக்கியது உள்ளூர் ஆட்கள்.

திண்டுக்கல்லுக்கு என்ன செய்யலாம்? துணைவிதியாக வரட்டும், அரசாணையாக வரட்டும், பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். விஷப்பாம்பு, பெரிய மலைப்பாம்பு வகைகள், அனகோண்டா, முதலை இனங்கள், பெரிய ஊனுண்ணிகள், பெரிய குரங்குகள், அவ்வளவுதான். கிளியையும் ஓணானையும் அதில் திணித்தால் ஆய்வாளர் கிளிக்கூண்டு எண்ணியே ஓய்வுபெறுவார். 48 வார்டுகளோடு நிறுத்துவதும் வீண். பண்ணை வீடுகள் நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் சிறுமலை அடிவாரத்திலும் இருக்கின்றன. அங்கே மாநகராட்சி எல்லை முடிந்து ஊராட்சிகள் தொடங்கிவிடும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே பதிவேடு இருக்க வேண்டும். அதன் நகல் தீயணைப்பு நிலையத்திலும் தலைமை மருத்துவமனையிலும் வனச்சரக அலுவலகத்திலும் இருக்க வேண்டும்.

கட்டணத்தைக் கொள்ளையாக வைக்கக் கூடாது. தானாக வந்து சொல்கிறவரிடம் முதல் ஆண்டு அபராதம் கேட்கக் கூடாது. பிரிட்டனில் 1976 சட்டம் வந்தபோது, உரிமம் வாங்க மனமில்லாத சிலர் வளர்த்த சிறுத்தைகளைக் காட்டில் விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஃபுளோரிடாவில் அப்படி விடப்பட்டும் தப்பியும் போன பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. எனவே, வளர்க்க முடியாதவர் எந்த அலுவலகத்தில், எந்த நேரத்தில், கேள்வி கேட்கப்படாமல் ஒப்படைக்கலாம், அங்கிருந்து வண்டலூருக்கோ வேறெங்கோ யார் செலவில் போகும் என்பதை விதியின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அதை எழுதாமல் உரிமத்தை மட்டும் அறிவித்தால், அந்த வாரமே சிறுமலை மலைப்பாதை வளைவுகளில் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டைகள் இறங்கும்.